நெருஞ்சி: பாதம் சூட்டிய பெயர்

நெருஞ்சி தரையோடு தரையாகப் படரும் பூண்டு. ஓர் ஆணிவேரிலிருந்து தண்டுகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நாலாபுறமும் ஓடும். இலை புளியிலையின் சாயலில், சின்னஞ்சிறு சிற்றிலைகள் இணை இணையாக அடுக்கியதுபோல் இருக்கும். மழை விழுந்த சில வாரங்களில் தரிசிலும் களத்துமேட்டிலும் ஒற்றையடிப் பாதையிலும் பச்சை விரிப்பாகத் தெரியும். காலை வெயிலில் ஐந்து இதழ் மஞ்சள் பூக்கள் மலரும். அதுவரை இந்தச் செடியைப் பற்றி யாருக்கும் புகார் இருக்காது.

புகார் காயிலிருந்து தொடங்குகிறது. ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள காய் முற்றிக் காய்ந்ததும் ஐந்து துண்டுகளாக உடைந்து சிதறும். ஒவ்வொரு துண்டிலும் நீளமான முள் இரண்டு, குட்டை முள் இரண்டு. மரம்போல் இறுகிய அந்தத் துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது வானத்தைப் பார்த்து நிற்கும். மிதிக்கும் பாதத்திலோ குளம்பிலோ செருப்பிலோ டயரிலோ ஏறிக்கொண்டு விதை ஊர்விட்டு ஊர் போகும். ஓரிடத்தில் வேர்விட்டுக் கிடக்கும் செடிக்கு இதைவிட நல்ல வாகனம் கிடைக்காது. அடுத்தவர் காலின் வலிதான் அதன் வண்டிச்சத்தம்.

உலகின் பல மொழிகள் இந்தச் செடிக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பெயர் வைத்தவர்களில் பெரும்பாலோர் இதன் இலையையோ பூவையோ பார்க்கவில்லை, மிதித்திருக்கிறார்கள்.

தமிழில் நெருஞ்சி, நெருஞ்சில் என்று இரண்டு வடிவங்களும் பழையவை. பேச்சில் நெரிஞ்சி, நெரிஞ்சில் என்பது பரவலான உச்சரிப்பு. ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையில் இருக்கும் நெரிஞ்சிப்பேட்டை இந்தப் பேச்சு வடிவத்தையே ஊர்ப்பெயரில் ஏந்தி நிற்கிறது. மலையாளத்தில் இது ஞெரிஞ்ஞில். கன்னடத்தில் இது நெக்கிலு; நடு எழுத்தை அழுத்தி, வல்லொலி குழைய ஒலிப்பார்கள். சிங்களத்திலும் நெரெஞ்சிதான். தெலுங்கு மட்டும் விலகி நின்று பல்லேரு என்கிறது.

மலையாள வடிவத்தின் முதலெழுத்து கவனிக்கத் தக்கது. தமிழில் இன்று ‘ந’ என்று தொடங்கும் சில சொற்கள் மலையாளத்தில் ‘ஞ’ என்று தொடங்குகின்றன. நண்டு அங்கே ஞண்டு. நெருக்கம் அங்கே ஞெருக்கம். சங்கத் தமிழிலும் ஞண்டு என்ற வடிவம் உண்டு என்பதால், மலையாளம் பழைய ஒலியைக் காத்து வைத்திருக்கிறது என்று கொள்ளலாம். நெருஞ்சியும் அந்த வரிசையில் சேரும் சொல். கன்னடம் வரை ஒரே சாயலில் இது பரவியிருப்பது, ஒரு மொழி இன்னொன்றிடம் நேற்று வாங்கிய பெயர் அல்ல, பொதுவான பழஞ்சொத்து என்பதைக் காட்டுகிறது.

சொல்லின் வேர் எது என்று கேட்டால், காது உடனே நெருடு, நெருநெரு ஆகிய சொற்களின் பக்கம் போகும். கண்ணில் விழுந்த தூசும் துணியில் ஒட்டிய முள்ளும் நெருடும். நெரி என்ற வினையும் அருகிலேயே இருக்கிறது. ஆனால் அது நசுக்குவதைக் குறிப்பது, குத்துவதை அல்ல. பொருளைக் கொண்டு பார்த்தால் நெருடலே நெருஞ்சிக்குப் பக்கத்து வீடு. இருந்தாலும் ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துச் சொற்பிறப்பை முடிவுகட்டுவது நம் ஊரில் ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இந்தப் பெயருக்குள் முள் என்ற சொல் இல்லை, எண்ணிக்கை இல்லை, விலங்கின் பெயர் இல்லை. பகுத்துப் பொருள் சொல்ல முடியாதபடி தேய்ந்து போகும் அளவுக்கு அது பழையது. வடமொழிப் பெயர்களும் கிரேக்கப் பெயரும் அப்படி அல்ல. அவை வாயைத் திறந்ததுமே கதை சொல்லிவிடும்.

வடமொழியில் இதற்குப் பல பெயர்கள். பெரிதும் வழங்குவது கோக்ஷுரம். கோ என்றால் பசு. க்ஷுரம் என்றால் சவரக்கத்தி. மேய்ச்சல் நிலத்தில் மாட்டின் காலை அறுக்கும் கத்தி என்று பொருள் விரியும். இதற்குக் கோகுரம் என்றும் ஒரு வடிவம் உண்டு. குரம் என்றால் குளம்பு. அப்படிப் படித்தால் பெயர் ‘பசுவின் குளம்பு’ என்று ஆகிவிடுகிறது. இந்தி முதலான வட இந்திய மொழிகளின் கோக்ரூ இதன் வழி வந்தது. கத்தியா குளம்பா என்ற வழக்கில் யார் ஜெயித்தாலும், பெயர் வைத்தவர் மாடு மேய்த்தவர் என்பதில் ஐயமில்லை. இன்னொரு பெயர் சுவதம்ஷ்ட்ரா, அதாவது நாயின் கோரைப்பல். மூன்றாவது திரிகண்டகம், மூன்று முள் உடையது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கோக்ரூ என்று ஒரு வளையல் இருக்கிறது. மேற்பரப்பு முழுவதும் முள்முள்ளாகப் புடைத்திருக்கும் கனத்த வளையல் அது. காலைக் குத்திய காயைக் கைக்கு நகையாக்கிய பொற்கொல்லரின் குறும்பு ரசிக்கத் தக்கது.

மூன்று முள் என்ற கணக்கு இந்தியாவோடு நிற்கவில்லை. கிரேக்கர்கள் இந்தச் செடியை டிரிபொலோஸ் என்றார்கள். ‘ட்ரி’ என்றால் மூன்று. பின்பகுதி முனையைக் குறிக்கும். மும்முனை. லத்தீன் அதை ட்ரிபுலஸ் என்று வாங்கிக்கொண்டது. பைபிளின் கிரேக்க மூலத்தில், முட்செடியில் அத்திப்பழம் பறிக்க முடியுமா என்று இயேசு கேட்கும் இடத்தில் வரும் சொல் இந்த டிரிபொலோஸ்தான். தமிழ் பைபிள் அதை முட்பூண்டு என்று பொதுவாக மொழிபெயர்த்திருக்கிறது.

கிரேக்க மருத்துவ நூலோர் டிரிபொலோஸில் நிலத்தில் வளர்வது, நீரில் வளர்வது என்று இரண்டு கண்டார்கள். நீரில் வளர்வது வட இந்தியக் குளங்களில் பயிராகும் சிங்காடாவின் இனம். அதன் காயிலும் கொம்புகள் உண்டு. இரண்டு செடிகளுக்கும் முள்ளைத் தவிர வேறு உறவே இல்லை. ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் நெருஞ்சிக்கு ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ் என்று பெயரிட்டார். டெரஸ்ட்ரிஸ் என்றால் நிலத்தைச் சேர்ந்தது. தரையைத் தவிர வேறெங்கும் வளராத செடிக்கு ‘தரைச் செடி’ என்று எதற்கு அடைமொழி என்று தோன்றும். நீர் டிரிபொலோஸோடு குழம்பிய அந்தப் பழைய கணக்கின் மிச்சம் அது.

ஆங்கிலத்தில் பெருந்துன்பத்தைக் குறிக்கும் ட்ரிபுலேஷன் என்ற சொல்லும் இந்த முள்ளிலிருந்து பிறந்தது என்று சிலர் எழுதிவிடுவதுண்டு. அது தவறு. அந்தச் சொல் ட்ரிபுலம் என்ற ரோமானியக் கருவியிலிருந்து வந்தது. கதிரைக் களத்தில் பரப்பி, அடியில் கூர்கற்கள் பதித்த பலகையை மேலே இழுத்துப் போரடிப்பார்கள். அந்தப் பலகைதான் ட்ரிபுலம். அதன் வேர் தேய்த்தல் என்ற வினை, மூன்று என்ற எண் அல்ல.

ட்ரிபுலஸ் என்ற சொல்லுக்கு லத்தீனில் இன்னொரு பொருளும் இருந்தது. போர்க்களத்தில் இறைக்கும் நான்முனை இரும்பு முள்ளும் ட்ரிபுலஸ்தான். நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்த ரோமானியப் போர்நூல் ஆசிரியர் வெஜிடியஸ் அதை விளக்கியிருக்கிறார். எப்படி வீசினாலும் மூன்று முனைகளில் ஊன்றிக்கொண்டு நான்காவது முனையை நிமிர்த்தி நிற்கும் கருவி என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். நெருஞ்சிக் காய்த்துண்டு செய்யும் வேலையும் அதுவே. மூன்று கால் தரையில், ஒரு முள் மேலே. செடியைப் பார்த்து ஆயுதம் செய்தார்கள் என்பதைவிட, செடியை மிதித்து ஆயுதம் செய்தார்கள் என்பதே பொருந்தும்.

சீனர்களும் இதே முடிவுக்குத் தனியாக வந்து சேர்ந்தார்கள். சீன மொழியில் நெருஞ்சி ஜீலீ. யி சிங் என்னும் பழைய குறிநூலிலேயே, இன்னலில் சிக்கியவன் முள்மேல் சாய்ந்து நிற்பதைச் சொல்லும் இடத்தில் இந்தச் செடி வருகிறது. போரில் இறைக்கும் இரும்பு முள் அங்கே டியே ஜீலீ, அதாவது ‘இரும்பு நெருஞ்சி’. சோங் அரசர் காலத்தில், 1044இல் முடிந்த உ ஜிங் சோங் யாவ் என்ற போர்த் தொகைநூல், வெடிமருந்தோடு இரும்பு முட்களும் வைத்துக் கட்டிய எறிபந்து ஒன்றைச் சொல்கிறது. அதன் பெயரிலும் ஜீலீ உண்டு.

தமிழிலும் இந்தக் கதைக்கு ஒரு பக்கம் இருக்கிறது. கப்பணம் என்ற சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், யானை நெருஞ்சி முள்ளின் வடிவில் இரும்பால் செய்த கருவி என்று பொருள் தருகிறது. யானை நெருஞ்சி என்பது வேறொரு முட்செடி; அதைப் பின்னால் பார்ப்போம். சீவக சிந்தாமணியில் போர் வருணனையில் இந்தச் சொல் வருகிறது. ஆக ரோமாபுரி, சீனம், தமிழகம் என்று மூன்று இடங்களிலும் இரும்பு முள்ளை விளக்க நெருஞ்சியின் பெயரையே துணைக்கு அழைத்திருக்கிறார்கள். இதில் யாரும் யாரையும் பார்த்துச் செய்திருக்க வேண்டியதில்லை. முள் எல்லோர் காலிலும் ஒரே மாதிரிதான் ஏறும்.

யானை நெருஞ்சி என்ற பெயரைக் கேட்டதும் யானையைக் குத்தும் முள் என்று தோன்றலாம். யானைக்கு எதிராக இத்தகைய முட்களை இறைத்தது வெறும் கற்பனையும் அல்ல. அலெக்சாந்தர் இறந்த பிறகு அவருடைய தளபதிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்ட போர்களில் இந்தியாவிலிருந்து போன யானைகளும் பாகன்களும் இருந்தார்கள். கி.மு. 312இல் காசாவில் நடந்த போரில் டெமெட்ரியஸின் யானைப்படையை நிறுத்த, எதிரணியில் இருந்த தாலமி இரும்பு முனைகளைச் சங்கிலியில் கோத்துத் தரையில் பரப்பினார். யானையின் உள்ளங்கால் மென்மையானது. முள் ஏறிய யானைகள் நகர முடியாமல் நின்றன; போர் அத்தோடு திசை மாறியது.

இருபதாம் நூற்றாண்டில் பெயர் சூட்டும் உரிமை பாதத்திடமிருந்து டயருக்குப் போயிற்று. நெருஞ்சி மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து கம்பளி உரோமத்தோடும் கால்நடைகளோடும் அமெரிக்காவுக்குப் போனதாகக் கருதப்படுகிறது. கலிபோர்னியாவின் காய்ந்த நிலம் அதற்குப் பிடித்துவிட்டது. சைக்கிளும் மோட்டார் வண்டியும் பெருகிய காலம் அது. அமெரிக்கர்கள் வைத்த பெயர் பங்ச்சர் வைன். பங்ச்சர் ஆக்கும் கொடி. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டிய எவருக்கும் இந்தப் பெயரின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. அதன் இன்னொரு பெயர் கோட்ஹெட், ஆட்டுத்தலை. உடைந்த காய்த்துண்டைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு நீள முட்களும் கொம்புகளாகத் தெரியும். ஒழித்துக்கட்டுவதற்காக 1961இல் இத்தாலியிலிருந்து இரண்டு வகைக் கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்று காய்க்குள் முட்டையிடும், மற்றது தண்டுக்குள். செடி குறைந்தது, ஒழியவில்லை. ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் சைக்கிள் பிரியர்கள் கூடி இந்தச் செடியைப் பிடுங்கிக் குவித்துவிட்டு, அதன் பெயரிலேயே திருவிழா நடத்தியிருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் பெயர் நோய்க்குப் போய்ச் சேர்ந்தது. அங்குள்ள வறண்ட மேய்ச்சல் நிலங்களில் நெருஞ்சியை நிறையத் தின்ற ஆடுகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்டால் முகம் வீங்கி, தோல் மஞ்சள் பூக்கும். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் அந்த நோய் கீல்டிக்கோப். மஞ்சள், தடிப்பு, தலை என்னும் மூன்று சொற்களையும் ஒட்டிய பெயர் அது. செடியின் குற்றப்பட்டியலில் முள்ளைத் தாண்டிய ஒரே பெயர் இதுதான் போலும்.

இத்தனை பேரும் குனிந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பூவை நின்று பார்த்தவர்கள் சங்கப் புலவர்கள். புறநானூற்றின் 155ஆம் பாட்டில் மோசிகீரனார், கதிரவன் எழும்போது அவனை எதிர்நோக்கி நிற்கும் நெருஞ்சிப் பூவைக் காட்டி, வறிய புலவர்களின் உண்கலங்கள் கொண்கானங்கிழான் என்னும் வள்ளலின் மார்பை நோக்கி நிற்பதைச் சொல்கிறார். குறுந்தொகையின் 315ஆம் பாட்டிலும் அதே காட்சிதான். அங்கே தலைவன் ஞாயிறு. தலைவியின் தோள் நெருஞ்சி. கிரேக்கர் சூரியனையே பார்த்து நிற்கும் பூவின் கதை ஒன்று சொல்லியதுபோல, தமிழர்களுக்கு அந்த இடத்தில் நெருஞ்சி இருந்திருக்கிறது. இன்று சூரியகாந்தி என்று நாம் வளர்க்கும் செடி அமெரிக்காவிலிருந்து வந்தது. சங்கப் புலவர்கள் அதைப் பார்த்ததே இல்லை.

குறுந்தொகை 202இல் அள்ளூர் நன்முல்லையார் பூவையும் முள்ளையும் ஒரே பாட்டில் கொண்டுவருகிறார். பரத்தையரிடம் போய்த் திரும்பிய தலைவனைப் பற்றித் தலைவி தோழியிடம் பேசுகிறாள். சிறிய இலையுடைய நெருஞ்சியின் புதுப்பூ முதலில் கண்ணுக்கு இனிதாக இருந்து பிறகு முள்ளைத் தருவதைப் போல, முன்பு இனியவனாக இருந்தவன் இப்போது இன்னாதவன் ஆனான் என்கிறாள். செடியின் வாழ்க்கை வரலாற்றில் பூவும் காயும் வரும் ஒழுங்கைத் தெரிந்தவர்தான் இப்படி உவமை சொல்ல முடியும். கிரேக்கரும் ரோமரும் சீனரும் நெருஞ்சியில் ஆயுதம் கண்ட இடத்தில் நன்முல்லையார் ஒரு காதலனைக் கண்டிருக்கிறார். பார்வையில் எது நுட்பமானது என்பதில் இந்தக் கட்டுரைக்குத் தயக்கம் இல்லை.

திருக்குறளின் 1120ஆம் குறளில் நெருஞ்சி திரும்பவும் பாதத்துக்கே வருகிறது. அனிச்சப் பூவும் அன்னத்தின் மெல்லிறகும்கூட இவள் அடிக்கு நெருஞ்சிப் பழம் என்கிறான் காதலன். பழம் என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். சாறும் சதையும் உள்ளதைத்தான் நாம் பழம் என்கிறோம். வள்ளுவர் முற்றிக் காய்ந்த முட்காயைப் பழம் என்கிறார். பழுத்தல் என்றால் முற்றுதல்; அந்தப் பழைய பொருளை இந்தக் குறள் பத்திரமாக வைத்திருக்கிறது. முற்றாத பச்சைக் காயின் முள் வளையும், குத்தாது. முற்றியதுதான் குத்தும். வள்ளுவரின் சொல் செடியின் இயல்புக்கும் சரியாகவே இருக்கிறது.

ஒரு செடியின் பெயர் ஊன்றிவிட்டால் மற்றச் செடிகளும் அதைக் கடன் வாங்கும். யானை நெருஞ்சி என்றும் பெருநெருஞ்சி என்றும் வழங்கும் செடி நெருஞ்சிக்கு உறவே அல்ல. அது எள்ளின் குடும்பம். சதைப்பற்றான தண்டு, அகன்ற இலை, மஞ்சள் நிறக் குழல் பூ. அதன் காயிலும் முள் உண்டு என்பதுதான் ஒரே ஒற்றுமை. அதன் இலைத்தண்டைத் தண்ணீரில் இட்டுக் கலக்கினால் தண்ணீர் விளக்கெண்ணெயைப் போலக் கொழகொழவென்று ஆகிவிடும். யானையைக் குத்துவதால் இந்தப் பெயர் என்று சிலர் சொல்வார்கள். கப்பணத்தின் கதையைக் கேட்டவர்களுக்கு அது நம்பத் தூண்டும் விளக்கம்தான். ஆனால் அண்டை மொழிகள் வேறு சாட்சி சொல்கின்றன. கன்னடத்தில் ஆனெ நெக்கிலு, தெலுங்கில் ஏனுகு பல்லேரு, சிங்களத்தில் எத் நெரெஞ்சி. எல்லாவற்றிலும் முன்னால் யானை. இந்தியோ வெறுமனே படா கோக்ரூ, ‘பெரிய கோக்ரூ’ என்று சொல்லிவிடுகிறது. யானை இங்கே அளவைக் குறிக்கும் அடைமொழி. பலியான விலங்கு அல்ல.

செப்பு நெருஞ்சி என்பது இன்னொரு கடன். இது அவுரியின் இனம். சிவப்புப் பூ, தரையில் படரும் தண்டு, நெருஞ்சியைப் போன்ற சிற்றிலை. குத்தும் முள் கிடையாது. பெயரைக் காலிலிருந்து எடுக்காமல் கண்ணால் பார்த்து வைத்த நெருஞ்சி இது ஒன்றுதான்.

இந்தப் பெயர்க் குழப்பம் ஏட்டோடு முடிந்தால் நட்டமில்லை. நெருஞ்சி சித்த மருத்துவத்தில் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் சொல்லப்பட்ட மூலிகை. நெருஞ்சில் குடிநீர் என்றே ஒரு மருந்து உண்டு. ஆயுர்வேதத்தின் தசமூலத்தில், அதாவது பத்து வேர்களில், கோக்ஷுரம் ஒன்று. பல்கேரியாவில் இதன் சாற்றிலிருந்து மாத்திரை செய்து விற்கத் தொடங்கிய பிறகு, ட்ரிபுலஸ் என்ற லத்தீன் பெயரோடு பிளாஸ்டிக் டப்பாவில் ஏறி உடற்பயிற்சிக் கூடங்களுக்கு வந்துவிட்டது. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனை இது கூட்டும் என்பது விளம்பரம். மனிதர்களிடம் நடந்த சோதனைகள் அதை மெய்ப்பிக்கவில்லை. களத்துமேட்டில் சும்மா கிடப்பதையே ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறோம் என்பது டப்பாவைத் தூக்கிச் செல்லும் பலருக்குத் தெரியாது.

நாட்டு மருந்துக் கடையிலோ சிறுநெருஞ்சி என்னும் இந்த நெருஞ்சி, பெருநெருஞ்சி இரண்டும் நெருஞ்சில் என்ற ஒரே பெயரில் கிடைக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கட்டிக் கொடுப்பதும் உண்டு. வைத்தியர் எதை எழுதினார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். ஐந்து துண்டாக உடையும் நட்சத்திரக் காய் சிறுநெருஞ்சி. உடையாமல் முழுதாக, நான்கு விளிம்புகளோடு, அடிப்புறத்தில் நான்கு முள் நீட்டிக்கொண்டிருந்தால் அது யானை நெருஞ்சி.